டிக்கோபியாவின் மாசி மீனல்ல

ஆசிரியருக்கு,

சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் இருக்கும் டிக்கோபியா பற்றிய கட்டுரையில், அத்தீவினர் 'அழுகிய பலாவை' உண்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே மாசிக் கருவாட்டின் படம் வேறு. இரண்டுமே தவறு. அவர்கள் 'மாசி' என்று சொல்வது மண்ணுக்குள் புளிக்கவைத்த ஈரப்பலாவை (சீமைப்பலா). இலங்கையில் பால்விட்டுக் கறி வைக்கிறார்களே, அதே காய்தான். சேம்பையும் வாழையையும்கூட இப்படிப் புளிக்கவைப்பார்கள்.

ஈரப்பலா ஒரே பருவத்தில் காய்த்துத் தள்ளும். பறித்தால் மூன்று நாள் தாங்குவதே பெரிது. அதனால்தான் குழி. முற்றிய காயைத் தோல் சீவி, நடுத்தண்டை எடுத்துவிட்டுத் துண்டு போடுவார்கள். குழியின் அடியிலும் சுவரிலும் அகன்ற இலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பல அடுக்காக விரித்து, துண்டுகளை இடைவெளியின்றி அமுக்கி, இலையை மடித்து மூடி, மேலே கல்லை ஏற்றுவார்கள். கல் வெறும் பாரத்துக்கல்ல; காற்றை வெளியே நிறுத்தத்தான். காற்றில்லாத இடத்தில் தயிரைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்களே பெருகும். அந்தப் புளிப்பு ஏறிவிட்டால் அழுகலுக்கு இடமில்லை. மாவுபோலக் குழைந்து, மூக்கைத் துளைக்கும் வாடையோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கெடுவதெல்லாம் இலையில்தான். இலை கிழிந்தால் மண் கலக்கும், மழைநீர் இறங்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் அவ்வப்போது குழியைத் திறந்து, மக்கிய இலையை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். வேண்டியதை எடுத்ததும் உடனே மூடியாக வேண்டும்.

மாசியை அப்படியே தின்பதில்லை. பிசைந்து, துருவிய சேம்போ வாழையோ சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு, இலையில் பொதிந்து, கல்லைச் சுடவைத்த 'உமு' எனும் குழியடுப்பில் வேகவைப்பார்கள். புதுக்கிழங்கு சேர்ந்தால் புளிப்பு மட்டுப்படும்.

மாசி இருந்தால் பஞ்சமே வராது என்ற வரியும் சரியல்ல. 1952-லும் 1953-லும் புயல் அடுத்தடுத்துத் தாக்கியபோது அங்கே பஞ்சம் வந்தது. 2002 டிசம்பர் 28 அன்று 'ஸோயி' புயல் அடித்து, ஒரு வாரம்போல் வெளித்தொடர்பே இல்லாதிருந்தும் ஒருவரும் சாகவில்லை என்பது உண்மை. அதற்குக் குழியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பாறைக்குடைவுகளில் ஒதுங்கியதற்கும் பங்குண்டு.

அடுத்த இதழில் அந்தக் கருவாட்டுப் படத்தையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்