நீச்சல் போட்டிச் செய்திகளில் நேரத்தையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட நீச்சல் போட்டி முடிந்த மறுநாள் தங்கள் நாளிதழில் வரும் செய்தியை எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எந்த வயதுப் பிரிவில் யார் முதலிடம், அவர் எந்தப் பள்ளி மாணவர், பரிசு வழங்கிய சிறப்பு விருந்தினர் யார் என்பன எல்லாம் அதில் இருக்கும். வென்ற பிள்ளை எவ்வளவு நேரத்தில் நீந்தி முடித்தது என்பது மட்டும் இருக்காது. நீச்சலில் அந்த ஒரு விவரம் இல்லையென்றால் மற்ற விவரங்களால் பயன் மிகக் குறைவு என்பதை, இளையோர் நீச்சல் மன்றம் ஒன்றின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் மன்றத்துக்குச் சொந்தக் குளம் கிடையாது. மாவட்ட விளையாட்டு மைதானத்தில் உள்ள அரசு நீச்சல் குளத்தில், பொதுமக்களுக்கான கட்டண நேரம் தொடங்குவதற்கு முன், விடியற்காலையில் இரண்டு தடங்களை எங்களுக்கு ஒதுக்கித் தருகிறார்கள். ஒரே தடத்தில் ஆறேழு பிள்ளைகள் சில வினாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டு, ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புவார்கள். சம்பளம் வாங்குபவர் பயிற்சியாளர் ஒருவர்தான். கட்டணம் வசூலிப்பது, போட்டிக்குப் பெயர் அனுப்புவது, வெளியூருக்கு வேன் பிடிப்பது, உடன் செல்வது எல்லாம் பெற்றோர் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், கோடை விடுமுறையில் நீச்சல் கற்றுக்கொள்ள மட்டும் வந்துவிட்டு ஜூன் மாதம் மறைந்துபோகும் கூட்டத்தின் கட்டணத்தில்தான் ஆண்டு முழுவதும் மன்றம் நடக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பயிற்சியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே நீந்தவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் நேரம் குறிக்கிறோம். அன்று பெற்றோர் கையில்தான் கடிகாரம் இருக்கும். ஆனால் தன் பிள்ளைக்குத் தானே நேரம் பார்க்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. அப்படிக் குறித்த நோட்டுப் புத்தகம்தான் எங்களிடம் உள்ள மிக மதிப்புள்ள பொருள். யார் எந்தப் போட்டிக்குத் தயார், யாரை 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு உயர்த்தலாம், தொடர் நீச்சலில் கடைசி ஆளாக யாரை நிறுத்துவது என்பவை அதைப் பார்த்தே முடிவாகின்றன.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதும் இந்த நேரத்துக்கு வேலை உண்டு. சுற்றறிக்கை வந்ததும் பிறப்புச் சான்றிதழ் நகல், பதிவு எண், பங்கேற்கும் பிரிவுகள் ஆகியவற்றோடு ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தப் பிள்ளையின் சிறந்த நேரத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். ஏற்பாட்டாளர்கள் அதை வைத்தே யார் எந்தச் சுற்றில், எந்தத் தடத்தில் நீந்துவது என்று முடிவு செய்கிறார்கள். எட்டுத் தடக் குளத்தில் மிக வேகமானவருக்கு நான்காம் தடம், அடுத்தவருக்கு ஐந்தாம் தடம், பிறகு மூன்று, ஆறு என்று நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வரிசை விரியும். நேரம் எதுவும் குறிப்பிடாத பிள்ளை மெதுவான சுற்றில், பெரும்பாலும் சுவரை ஒட்டிய தடத்தில் போய் விழும். அங்கே பக்கத்தில் விரட்ட ஆள் இல்லாமல் நீந்தும் பிள்ளை தன் முழு வேகத்தைக் காட்டுவது அரிது. ஆகவே, முறையான போட்டி ஒன்றில் பதிவாகி வெளியான நேரம் என்பது அந்தப் பிள்ளையின் அடுத்த போட்டிக்கான நுழைவுச்சீட்டு.

பதக்கம் இதற்கு ஈடாகாது. மூன்று பேர் மட்டுமே பங்கேற்கும் பிரிவுகள் மாவட்டப் போட்டிகளில் சாதாரணம்; குளத்தில் இறங்கி விதிப்படி மறுகரையைத் தொட்டுவிட்டால் மூவருக்கும் பதக்கம் உறுதி. சென்னையில் அதே பிரிவில் ஆறாவதாக வந்த மாணவி, இங்கே தங்கம் வென்றவரைவிட வேகமானவராக இருக்கலாம். செய்தியைப் படிக்கும் யாருக்கும் அது தெரிய வழியில்லை. வயதுப் பிரிவும் பிறந்த ஆண்டைக் கொண்டே வகுக்கப்படுவதால், டிசம்பரில் பிறந்த குழந்தை, ஏறத்தாழ ஒரு வயது மூத்த ஜனவரிக் குழந்தையோடு மோதி ஐந்தாமிடத்துக்குப் போய்விடுகிறது. சென்ற ஆண்டைவிட நான்கு வினாடி குறைத்து நீந்திய அந்தக் குழந்தையின் உழைப்பு இடவரிசையில் தெரிவதே இல்லை. அதன் பெற்றோர் அடுத்த மாதம் நீச்சலை நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீச்சல் வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடவர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு நேரம் பார்த்த மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 வினாடி என்று காட்டின. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2 என்று காட்டின. ஆனால் யார் முதலில் தொட்டார் என்பதை அன்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய நடுவர்களுக்குள் கருத்து பிளவுபட்டதால், தலைமை நடுவர் தலையிட்டுத் தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். அந்தச் சர்ச்சை மின்னணு நேரக்கணிப்பை விரைவுபடுத்திய காரணங்களில் ஒன்று.

நம் நாட்டு உதாரணங்கள் இன்னும் தெளிவானவை. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தி, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 வினாடி, இடைவெளி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதே நாள்களில் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் 53.77 வினாடியில் நீந்தி டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது பதக்கத்துக்கான பந்தயத்திலேயே அல்ல, நேரம் குறிப்பதற்கென்று நடத்தப்பட்ட தனி முயற்சியில். அங்கே அவர் எத்தனையாவது இடம் என்ற கேள்விக்கே இடமில்லை.

நேரத்தை அச்சிடும்போது குளத்தின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்துபவர் மூன்று முறை சுவரை உதைத்துத் திரும்புகிறார். 50 மீட்டர் குளத்தில் ஒரே முறைதான். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம் என்பதால் சிறிய குளத்து நேரம் இயல்பாகவே குறைவாக இருக்கும். உலக சாதனைகள்கூட இரண்டு நீளங்களுக்கும் தனித்தனியாகவே பதிவாகின்றன. 25 மீட்டர் குளத்தை மட்டுமே கண்ட மாவட்டத்துப் பிள்ளை, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி வளாகத்தின் 50 மீட்டர் குளத்தில் முதன்முறை நீந்தி, தன் நேரம் கூடிவிட்டதைப் பார்த்துக் கண்கலங்குவதை எந்தப் பயிற்சியாளரும் கண்டிருப்பார். இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள் வழியாகவே அறிந்திருந்தால் பெற்றோராவது பதறாமல் இருப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மாவட்டப் போட்டிகளில், கை பட்டதும் நேரத்தைத் தானே பதியும் மின்னணுத் தொடுபலகை கிடையாது. கையால் பார்த்த நேரத்தை நம்பலாமா? வினாடியில் நூறில் ஒரு பங்குக்கு நிச்சயமாக நம்ப முடியாது. ஆனால் ஒரு தடத்துக்கு மூன்று கடிகாரம் வைத்து, இரண்டு ஒத்திருந்தால் அதையும், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதையும் எடுத்துக்கொள்ளும் முறை நீச்சல் விதிகளிலேயே இருக்கிறது. மூன்று கடிகாரத்துக்கு ஆள் இல்லை என்பது பலவீனமான சாக்கு. போட்டி நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோரில் பாதிப் பேருக்கு அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தால் போதும். நேரம் மறுநாள் அச்சில் வரும் என்று தெரிந்தால் கடிகாரம் பிடிப்பவரும் கவனமாகப் பிடிப்பார்.

இடப் பற்றாக்குறை தங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். ஒரு பெயருக்குப் பின்னால் '1:12.40' என்று சேர்க்கத் தேவைப்படும் இடம் சிறப்பு விருந்தினரின் பட்டங்களுக்கு ஆகும் இடத்தைவிடக் குறைவு. எல்லோருடைய நேரத்தையும் வெளியிடும்படி நான் கேட்கவில்லை. பத்து வயதுக் குழந்தை கடைசியாக வந்த செய்தி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதல் மூவரின் நேரம் நாளிதழில் வரட்டும். மற்ற அனைவரின் நேரமும், தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு அதன் காரணமும், போட்டி முடிந்த அன்றே அந்தந்த மன்றத்துக்குக் கிடைக்கட்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாததால் நீக்கப்பட்ட சிறுமிக்கு அந்தக் காரணம் எழுத்தில் கிடைத்தால் மறுநாள் காலையே திருத்திக்கொள்வாள்.

போட்டி ஏற்பாட்டாளர்கள் தங்கள் செய்தியாளரிடம் தரும் குறிப்பில் நேரம் இல்லாவிட்டால், அதைக் கேட்டு வாங்கும்படி செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். எங்கள் மாவட்டத்தில் நடக்கும் போட்டிகளைப் பொறுத்தவரை, ஏற்பாட்டாளர்கள் இசைந்தால், பெயர், பிரிவு, நேரம், குளத்தின் நீளம் ஆகியவற்றைத் தமிழில் தட்டச்சு செய்து அன்று மாலைக்குள் தங்கள் அலுவலகத்தில் சேர்க்கும் வேலையை எங்கள் மன்றப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இளையோர் நீச்சல் மன்றம் ஒன்றின் கௌரவச் செயலாளர்