மீனுக்கும் அளவெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நீர்த்தேக்கங்களில் பிடிபடும் பெரிய மீன்களின் புகைப்படங்கள் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் போதெல்லாம் நான் அவற்றைத் தவறாமல் பார்ப்பவன். படத்தின் கீழே மீனின் நிறை மட்டும் கிலோகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். அதன் நீளம் எவ்வளவு, வயிற்றுப் பகுதியின் சுற்றளவு எவ்வளவு, அவை எவ்வாறு அளக்கப்பட்டன என்ற விபரம் எதுவும் இருக்காது. இந்த விபரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சிறிய வேண்டுகோளாகத் தோன்றினாலும், இதன் பின்னால் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்த ஓர் இழப்பு இருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

நான் நோர்வூட்டில் நெடுங்காலமாகத் தையற்தொழில் செய்து வருகிறேன். என் தம்பி தோட்டத்தில் வேலை செய்பவர். ஓய்வு நாட்களில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் தூண்டில் போடுவார். கடந்த ஆண்டு ஒரு மாலையில் அவருடைய தூண்டிலில் ஒரு பெரிய கார்ப் மீன் சிக்கியது. எங்கள் தகப்பனாரும் அதே கரையில் தூண்டில் போட்டவர் என்பதால், அந்த மீனின் உருவத்தை அவருடைய படத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைக்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டார். மீனின் தோலை உரித்துப் பாடம் செய்து வைப்பது எங்களுக்கு ஒத்து வராது. குடும்பமே உண்ணக்கூடிய மீனை அதற்காக விட்டுக்கொடுக்க மனம் வராது என்பது ஒரு காரணம். மலைநாட்டு ஈரத்தில் பாடம் செய்த தோல் பூஞ்சணம் பிடித்தும், உள்ளே எஞ்சிய எண்ணெய் கசிந்தும், பூச்சி அரித்தும் கெட்டுப்போகும் என்பது மற்றொரு காரணம். கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு செய்யப்படும் மாதிரி உருவுக்கு மீனின் உடல் தேவையில்லை. மீனை உண்ணலாம், அல்லது உயிரோடு நீரில் விட்டுவிடலாம்; உருவத்தைச் செய்பவருக்குச் சரியான அளவுகளும் தெளிவான புகைப்படங்களும் மட்டுமே வேண்டும். அந்த அளவுகளில்தான் நாங்கள் தவறிவிட்டோம்.

அன்றிரவு கடைத் தராசில் நிறுத்தபோது மீன் 5 கிலோ 500 கிராம் இருந்தது. அந்த எண்ணைக் கேட்ட மகிழ்ச்சியில் வேறெதையும் அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாட் காலை, மீனை வெட்டுவதற்குச் சற்று முன்னர், தம்பி வீட்டிலிருந்த பழைய துணி நாடாவை எடுத்து, வாயின் நுனியில் தொடங்கி, மேடாக உயர்ந்திருந்த பக்கத்தின் மேலாகப் படியவிட்டு, வாலின் நுனிவரை இழுத்துப் பார்த்து 71 சென்ரிமீற்றர் என்று குறித்துக்கொண்டார். சுற்றளவை எடுக்கவேயில்லை. கொழும்புப் பக்கத்தில் இவ்வேலையைச் செய்யும் ஒருவர் சுற்றளவைக் கேட்டபோது மீன் குழம்பாகி இரண்டு நாட்கள் கடந்திருந்தன. அவர் நிறையையும் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டு, சுற்றளவு 47 சென்ரிமீற்றர் இருக்கலாம் என்று கொண்டு உருவத்தைச் செய்து கொடுத்தார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை. கொடுத்த எண்களுக்கு அவர் நேர்மையாகவே வேலை செய்தார். ஆனால் உருவத்தைச் சுவரில் மாட்டிய அன்றே தம்பியின் மனைவி, "இது நம்ம மீன் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். கழுவி, செதில் உரசி, துண்டு போட்டவர் அவர். அவருடைய கை அந்த மீனை அறிந்திருந்தது.

அவர் சொன்னது சரியா என்று அறிய, மீன் பிடிபட்ட மாலையில் எடுத்த புகைப்படத்தை நான் ஆராய்ந்தேன். வீட்டு வாங்கின் பலகை மீது மீன் கிடத்தப்பட்டிருந்தது. அந்த வாங்கு இன்றும் உள்ளது; அதன் இரண்டு ஆணித் தலைகளுக்கு இடையிலான தூரம் 60 சென்ரிமீற்றர். படத்தில் அந்தத் தூரத்தோடு மீனை ஒப்பிட்டபோது மீனின் நீளம் 68 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பலகையை விட மீனின் உடல் கமராவுக்குக் கிட்டே இருந்தமையால் படத்தில் அது சற்றுப் பெரிதாகவே தெரிந்திருக்கும். எனவே உண்மையான நீளம் 67 சென்ரிமீற்றர் என்று கொள்வதே பொருந்தும். அந்த நீளத்துக்கும் 5 கிலோ 500 கிராம் நிறைக்கும், கீழே நான் சொல்லும் கணக்கின்படி, சுற்றளவு ஏறத்தாழ 49 சென்ரிமீற்றர் வரவேண்டும். நாடாவை வளைவின் மேலே போட்டமையால் நீளத்தில் நான்கு சென்ரிமீற்றர் கூடியது. கூடிய நீளத்தை வைத்துக் கணக்கிட்டதால் சுற்றளவில் கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தது. தடித்துக் கூன் விழுந்த கிழட்டு மீன் ஒன்று, நீண்டு மெலிந்த வேறொரு மீனாகி எங்கள் சுவரில் இருக்கிறது.

இதை எழுதும்போது என் தொழிலின் வழக்கமே எனக்கு நினைவுக்கு வருகிறது. என்னிடம் வந்து "நான் எண்பது கிலோ, ஒரு சட்டை தைத்துத் தாருங்கள்" என்று எவரும் கேட்டதில்லை. எண்பது கிலோ உடைய ஒருவர் உயர்ந்தவராகவும் இருக்கலாம், குட்டையானவராகவும் இருக்கலாம். நெஞ்சளவு, தோளளவு, கையின் நீளம் எதுவும் நிறையிலிருந்து தெரியாது. மீனும் அப்படித்தான். இரை நிறைய உள்ள நீரில் வளர்ந்த மீனும், முட்டை நிறைந்த மீனும், முட்டையிட்டு மெலிந்த மீனும் ஒரே நீளத்தில் வெவ்வேறு உடலோடு இருக்கும். நிறை என்பது மீனைப் பற்றிய ஒரு செய்தி. அதன் உருவம் அந்த எண்ணில் இல்லை.

நீளத்தை அளக்கும்போது மீனைத் தட்டையான பலகையில் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். பலகையின் ஒரு முனையில் நிமிர்ந்த கட்டை ஒன்று அறையப்பட்டிருந்தால், வாயை மூடி மூக்கு நுனியை அக்கட்டையில் முட்டவைத்து, வாற்செட்டையின் இரு கிளைகளையும் விரல்களால் மெதுவாகச் சேர்த்து, அதன் மிக நீண்ட நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கலாம். இதுவே முழு நீளம். அளவுகோல் மீனின் கீழே நேராக இருக்க வேண்டுமேயன்றி, நாடா மீனின் மேலே வளைந்து படியக்கூடாது. ட்ரவுட் போன்ற மெலிந்த மீனில் வளைவினால் வரும் பிழை சிறிதாக இருக்கும். கார்ப் போன்ற மேடான உடலில் அது எங்களைப் போல ஏமாற்றிவிடும். வாலின் நடுப் பள்ளம் வரையான நீளத்தையும் தனியே குறித்துக்கொள்வது நல்லது. ஆய்வுகளில் வாலின் அடிவரை மட்டும் அளக்கும் முறையும் உண்டு என்பதால், எந்த நீளம் என்று சொல்லாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால் அதைப் பெறுபவர் தவறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு.

சுற்றளவு பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீனின் நிறையை அளவுகளிலிருந்து மதிப்பிடத் தூண்டிற்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு கணக்கு உண்டு. நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800 ஆல் வகுத்தால் நிறை இறாத்தலில் வரும். சென்ரிமீற்றரில் எடுத்து ஏறத்தாழ 28,900 ஆல் வகுத்தால் கிலோகிராமில் வரும். உடல் வடிவம் மீனுக்கு மீன் வேறுபடுவதால் இது மதிப்பீடு மட்டுமே. ஆயினும் சுற்றளவின் முக்கியத்துவத்தை இது நன்கு காட்டுகிறது. 50 சென்ரிமீற்றர் நீளமும் 28 சென்ரிமீற்றர் சுற்றளவும் உள்ள ஒரு ட்ரவுட் மீன் இக்கணக்கின்படி 1 கிலோ 356 கிராம் நிற்கும். நீளத்தில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினால் கணக்கு 27 கிராமால் மாறும். சுற்றளவில் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் 95 கிராம் குறைந்துவிடும். சுற்றளவில் விடும் பிழை நிறைக் கணக்கில் இவ்வாறு பெருகும்; உருவத்தின் தடிப்பையும் அது கெடுக்கும்.

சுற்றளவை உடலின் மிகத் தடித்த இடத்தில், பெரும்பாலும் முதுகுச் செட்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால், நாடாவைச் சாய்க்காமல் குறுக்காகச் சுற்றி எடுக்க வேண்டும். செட்டைகள் நாடாவுக்குள் அகப்படக்கூடாது. நெஞ்சளவு எடுக்கும்போது நாடாவை இறுக்கினால் சட்டை நெஞ்சைப் பிடிப்பது போல, இங்கும் இறுக்கினால் வயிறு அமுங்கி அளவு குறையும். நாடா தோலைத் தொட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை. செவுள் மூடிக்குப் பின்னால் ஒரு சுற்றளவும், வாலின் அடியில் மிக ஒடுங்கிய இடத்தில் ஒரு சுற்றளவும், தலையின் நீளமும் எடுத்துக் கொடுத்தால் உருவம் செய்பவர் ஊகிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும். குடலை எடுத்தபின் எடுக்கும் சுற்றளவு எதற்கும் பயன்படாது. விறைத்து வளைந்துபோன மீனிலும், குளிரூட்டியில் இருந்து சுருங்கிய மீனிலும் நீளம் சரியாக வராது. ஆகவே பிடித்த கரையிலேயே அளந்துவிடுவதுதான் முறை.

நாடாவைப் பற்றியும் என் தொழில் சார்ந்த ஒரு சொல். துணி நாடா பழகப் பழக நீளும். என் கடையில் ஒரு நாடாவை எடுத்து இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்து, பிசகு தெரிந்தால் அன்றே ஒதுக்கிவிடுவேன். மீனுக்கும் நீளாத கண்ணாடியிழை நாடாவே ஏற்றது. அது கையில் இல்லாதபோது நூலால் சுற்றிக் குறியிட்டுப் பின்னர் அளக்கலாம். ஆனால் தூண்டில் நைலோன் நூல் இழுத்தால் நீளும் என்பதை மறக்கக்கூடாது. நாடாவின் முனைத் தகடு தேய்ந்தோ கழன்றோ இருந்தால் 10 என்ற கோட்டிலிருந்து தொடங்கி, முடிவில் பத்தைக் கழித்துவிட வேண்டும். ஒருவர் அளக்க, மற்றவர் உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வதும், இருமுறை அளப்பதும் தையற்கடைகளில் நாங்கள் பழகிய முறைகள். நீர்த்தேக்கக் கரைக்கும் அவை பொருந்தும்.

புகைப்படம் அளவுக்குத் துணையாகுமேயன்றி அளவுக்கு ஈடாகாது என்பதை எங்கள் வாங்குப் பலகையே கற்றுத் தந்தது. மீனைக் கைகளை நீட்டிக் கமராவின் முன்னே பிடித்தால் மீன் பெரிதாகும், மனிதர் சிறியவராவார். அப்படத்திலிருந்து எந்த அளவையும் பெற முடியாது. மீனை நிழலில் கிடத்தி, உடலின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே கமராவை வைத்து, அளவுகோலை மீனின் நடுத்தடிப்பின் உயரத்தில் வைத்து, இரு பக்கங்களையும் எடுக்க வேண்டும். நிறம் மீன் இறந்த சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்கும். வானவில் ட்ரவுட்டின் பக்கத்தில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையையும், பழுப்பு ட்ரவுட்டின் வெளிறிய வளையம் சூழ்ந்த செம்புள்ளிகளையும் உயிரோடு இருக்கும்போது எடுத்த படத்திலிருந்தே சரியாகத் தீட்ட முடியும். கார்ப் மீனின் வாயோரத்திலுள்ள இரண்டு சோடி மீசைகளைத் தனியே அருகிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. எங்கள் உருவத்தில் அவையும் தவறாகவே அமைந்தன.

மீனை மீண்டும் நீரில் விட விரும்புவோருக்கு இவ்வளவையும் செய்ய நேரம் போதுமா என்ற கேள்வி நியாயமானது. வானவில் ட்ரவுட் மீன்களைக் களைக்கும்வரை துரத்தி, பின்னர் காற்றில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1992 ஆம் ஆண்டு கனடாவில் வெளியானது. காற்றில் வைக்கப்படாத மீன்களில் 12 சதவீதமும், 30 வினாடி வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், 60 வினாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் 12 மணித்தியாலத்துக்குள் இறந்துபோயின. இதை அறிந்தபின் மீனைக் கரையில் போட்டுவிட்டு நாடாவைத் தேடுவது தகாது. பலகையை நனைத்து, நாடாவையும் கமராவையும் முன்னரே எடுத்து வைத்து, கைகளையும் நனைத்துக்கொண்டு, மீனை வலையோடு நீருக்குள்ளேயே வைத்திருந்து, ஒவ்வோர் அளவுக்கும் சில வினாடிகள் மட்டும் வெளியே எடுக்க வேண்டும். நீளமும் பெருஞ்சுற்றளவும் இரு பக்கப் படங்களும் கிடைத்துவிட்டால் மற்றவற்றை விட்டுவிடலாம். மீன் பிழைப்பதே முக்கியம். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் எங்கள் பாட்டன்மார் காலத்தில் துரைமாரின் சுவர்களில்தான் இருந்தது. இன்று அதைப் பிடிப்பவர் அதைக் கொல்லாமலே தன் சுவரில் வைக்க வழி இருக்கிறது என்பதை நான் பெரிய விடயமாகவே மதிக்கிறேன்.

ஆகவே, மீன்களின் படங்களை அனுப்பும் வாசகர்களிடம் மூக்கு நுனியிலிருந்து சேர்த்துப் பிடித்த வால் நுனிவரையான நேர் நீளத்தையும், முதுகுச் செட்டைக்கு முன்னாலுள்ள சுற்றளவையும் கேட்டுப் பெற்று, நிறையோடு சேர்த்து அச்சிடுமாறு தங்களை வேண்டுகிறேன். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை ஆகிய நீர்த்தேக்கங்களின் கரைகளில் இயங்கும் மீனவர் சங்கங்கள் தங்கள் படகுத்துறையில் ஓர் அளவுப் பலகையை வைத்திருக்கலாம். ஒரு மீற்றர் பலகை, முனையில் அறைந்த கட்டை, ஓரத்தில் ஒட்டிய இரும்பு அளவுகோல், அவ்வளவே செலவு. தம்பி அப்படியொன்றை ஏற்கெனவே செய்து தான் உட்காரும் கரைக்குக் கொண்டுபோகிறார். எந்த இடத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும் என்று காட்டும் ஒரு கோட்டுப் படத்தைத் தங்கள் வார இதழில் வெளியிட இடமிருக்குமாயின், அளவுக் குறிகளோடு அதை வரைந்து அனுப்ப நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
தையற்தொழிலாளர் ஒருவர்,
நோர்வூட்.