கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘நான், எனக்கு’ என்றே வளர்கிறார்கள், செல்போன்தான் கெடுத்துவிட்டது என்று பேசுகிறோம். எங்கள் சிவகங்கைப் பக்கம் இதைத் தொடங்கி வைத்ததே பெரியவர்களான நாங்கள்தான், அதுவும் செல்போன் வருவதற்கு ரொம்ப முந்தியே.

என் சின்ன வயதில் ஆடி பிறந்ததும் கண்மாயை, அதாவது ஊர்ப் பாசன ஏரியை, மராமத்துப் பார்க்கத் தண்டோரா போடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், முடியாதவர்கள் கூலிக்கு ஆள் அனுப்ப வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஊர்ப் பொதுவில் தெண்டம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் முள் வெட்டி, மடையில் தூர் எடுத்து, கரைக்கு மண் அணைத்த பிறகுதான் உழவு. இப்படி வராதவர்களை வரவைக்க வெள்ளைக்காரன் 1858இல் சட்டமே போட்டான், ஆனால் எங்கள் ஊரில் “உன் வீட்டு ஆள் எங்கே?” என்று வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி ஒரு வார்த்தை கேட்டால் போதும். நிலமில்லாத சனங்களிடம் கூடுதலாக வேலை வாங்கிய அநியாயமும் அதில் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

1990இல் விவசாயிகள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசமானது. நல்ல திட்டம், நானும் அதில்தான் பிழைத்தேன். ஆனால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கண்மாய் வேலையிலிருந்து கழன்றுகொண்டார்கள். “என் தண்ணி என் காட்டுக்குள்ளயே இருக்கு, நான் எதுக்கு வரணும்?” என்று என் கூடப்பிறந்த அண்ணனே கேட்டார். கண்மாய் நிறைந்தால்தான் அந்தப் போரில் ஊற்று ஏறும் என்பது அவருக்குத் தெரியாததா? வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, போன சித்திரையில் அவர் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது.

அப்புறம் ஊரார் கூடிச் செய்த இந்த வேலையை 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. எங்கள் கண்மாய்க்கு ஜேசிபி வந்தது, ஆட்கள் வரவில்லை. வந்த சிலரும் பிளக்ஸில் யார் படம் மேலே, யார் படம் பெரிசு என்று கரையிலேயே நின்று சண்டை போட்டார்கள். பக்கத்தில் மடைக்கல் பெயர்ந்து கிடந்தது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்: வீட்டுக்கு ஒரு ஆள், எல்லாத் தெருவுக்கும் ஒரே கணக்கு, போர் வைத்திருப்பவர்கள் முதலில் வர வேண்டும், பிளக்ஸ் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்கால் திறந்தாக வேண்டும். இதுவரை 11 வீட்டுக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள், அண்ணனும் அதில் ஒருவர்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி,
சிவகங்கை மாவட்டம்