நம்ம நாணயச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பத்து கூட்டம் போட்டோம், ஜனவரி கூட்டம் மட்டும் பனியால ஒரு வாரம் தள்ளிப்போச்சு. 19 பேரா இருந்த நாம இப்ப 24 பேர், புதுசா வந்த அஞ்சு பேருக்கும் சங்கத்து சார்பா வரவேற்பு.

போன பொதுக்குழுல முடிவு பண்ணபடி, வழக்கத்துக்கு மாறான டிசைன்ல வந்த பழைய அமெரிக்க தங்கக் காசுகளை மாசம் ஒண்ணா பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சோம், ஆனா 1908-ல வந்த ரெண்டரை டாலர், அஞ்சு டாலர் இந்தியன் ஹெட் (அமெரிக்கப் பழங்குடித் தலைவர் முகம் போட்ட) காசுலயே நாலு மாசம் ஓடிருச்சு, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாஸ்டன் சிற்பி பேலா லயன் பிராட் செஞ்சது. மத்த காசுல உருவம் மேல புடைச்சு நிக்கும், இதுல உள்ள இறங்கியிருக்கும், எழுத்தெல்லாம் நம்ம கோயில் கல்வெட்டு மாதிரி பள்ளமா விழுந்திருக்கும். இந்த யோசனைய அப்ப அமெரிக்க அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்கிட்ட சொன்னது அவரோட நண்பர் டாக்டர் பிகலோ, அவருக்கு முன்மாதிரி பழைய எகிப்து சிற்பங்கள். காசு வெளிய வந்ததும் பிலடெல்பியா காசு வியாபாரி சாப்மன், பள்ளத்துல அழுக்கு சேரும் நோய் பரவும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க வராதுன்னு ரூஸ்வெல்ட்டுக்கே லெட்டர் போட்டுட்டார். என்னைக் கேட்டா அமெரிக்கா அடிச்சதுலயே தைரியமான டிசைன் இதுதான்.

ஜூன்ல பதினோரு பேர் ரெண்டு வேன்ல பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போயி அந்த எகிப்து சிற்பங்கள பாத்துட்டு வந்தோம். கல்லு முன்னாடி நின்னு கையில இருந்த காசையும் பாத்தப்பதான், உருவத்தோட உயரமான இடம் சுத்தியிருக்கிற தளத்தோட சமமா நிக்குதுங்கிறது எனக்கே சரியா புரிஞ்சுது. கிரேடிங், அதாவது காசு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து தரம் போடுறது, கஷ்டமா இருக்கிறதுக்கும் இதான் காரணம், மத்த காசுல புடைப்பு காப்பாத்துற தளம் இதுல நேரா தேய்மானத்துக்கு மாட்டிக்குது.

ஆகஸ்ட்ல ஒரு கசப்பான அனுபவம். நம்ம உறுப்பினர் ஒருத்தர் வெளியூர் காயின் ஷோல 1911 டென்வர் ரெண்டரை டாலர் வாங்கிட்டு வந்தார், அந்த வரிசையிலேயே குறைவா அடிச்சது அது, 55,680 தான், அதனால விலையும் பல மடங்கு. தலைவர் அண்ணன் லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பாத்துட்டு, டென்வர்ல அடிச்சதுன்னு காட்டுற அந்த ‘டி’ எழுத்தைச் சுத்தி ஒட்டுன கோடு தெரியுதேன்னார். சாதாரண பிலடெல்பியா காசுல எழுத்த ஒட்டி வித்திருக்காங்க, கிரேடிங்குக்கு அனுப்புனப்பவும் அதையேதான் சொன்னாங்க. ரெண்டு மாசம் அலைஞ்சு பணம் திரும்பக் கிடைச்சுது. இனிமே இந்த தேதி காசு யார் வாங்குறதா இருந்தாலும் முதல்ல கூட்டத்துக்கு கொண்டு வாங்க, பிளீஸ்.

அஞ்சு டாலர் காசோட எடை 8.36 கிராம், நம்ம ஊர் சவரனுக்குக் கொஞ்சம் மேல, ஆனா தங்கம் 90 சதவீதம்தான், 916 இல்லன்னு பொருளாளர் அக்கா தராசு வச்சு பிள்ளைங்களுக்கு காட்டினது நல்லா இருந்துச்சு. 1929-ல இந்தக் காசு 6,62,000 அடிச்சும் பெரும்பாலானது உருக்கப்பட்டிருச்சு, 1933-ல அமெரிக்க அரசு மக்கள்கிட்ட இருந்த தங்கத்த திரும்ப வாங்கினப்ப அபூர்வ காசு சேகரிக்கிறவங்களுக்கு விலக்கு இருந்ததாலதான் பல நல்ல காசுகள் இன்னைக்கு மிஞ்சியிருக்கு.

1879, 1880 நாலு டாலர் ஸ்டெல்லாவையும், 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு அடிச்ச எண்கோண 50 டாலரையும் படத்துலதான் பாத்தோம், வாங்குற விலையில அது ரெண்டும் இல்ல. எண்கோணத்துல மூலைக்கு ஒண்ணா எட்டு டால்பின் இருக்கு, பிள்ளைங்க அதைத்தான் வரைஞ்சு கொண்டு வந்தாங்க.

கணக்கு விவரம் அக்கா தனியா வாசிப்பாங்க. புது தராசுக்கும் ரெண்டு லூப்புக்கும் செலவு போக மிச்சம் இருக்கு. அடுத்த வருஷம் மூணு டாலர் காசுல ஆரம்பிக்கலாம்னு செயற்குழு நினைக்குது, யார்கிட்டயாவது இருந்தா மார்ச் கூட்டத்துக்கு கொண்டு வாங்க. சந்தா பாக்கி ஆறு பேர், இன்னைக்கே கட்டிருங்க.