எலி, பூச்சி ஒழிப்புத் தொகுப்பின் மருந்துப் பெட்டி, வழிகாட்டித் தாள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிராமத்து வீடுகளுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் என்று நீங்கள் விற்கும் எலி, பூச்சி ஒழிப்புத் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்கள் நாங்கள். அதில் இருப்பவை எலி மருந்து கலந்த மெழுகுக் கட்டிகள், அவற்றை உள்ளே வைக்கும் மருந்துப் பெட்டிகள், அடிக்கும் பொறிகள், மனிதர் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று சொல்லும் மீயொலிக் கருவி, கரப்பானுக்கான பசை மருந்து, ஒரு வழிகாட்டித் தாள். கட்டியில் உள்ள மருந்தைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. அதை வைக்கச் சொல்லும் பெட்டியும், வைக்கும் முறையைச் சொல்லும் தாளும்தான் புகாருக்குக் காரணம். எலிக்கு வைக்கும் விஷம் குழந்தைக்கும் நாய்க்கும் கோழிக்கும் எட்டுவதற்கு இந்த இரண்டுமே வழி செய்கின்றன.

பெட்டிக்குள் கட்டியைக் கோத்து வைக்கக் கம்பி இல்லை. சும்மா கிடக்கும் கட்டியை எலி அங்கேயே உட்கார்ந்து தின்று முடிப்பதில்லை. கவ்விக்கொண்டு போய் வளையிலோ பரணிலோ பதுக்கும். வழியில் நழுவ விட்டால் கட்டி முற்றத்திலோ தீவனத்திலோ கிடக்கும். கட்டியின் நடுவில் துளை போட்டிருக்கிறீர்கள். அதில் நுழைய வேண்டிய கம்பியை மட்டும் விட்டுவிட்டீர்கள். நுழைவாயிலுக்கும் மருந்துக்கும் இடையே தடுப்பும் இல்லை. சின்னப் பிள்ளையின் கை நேராக உள்ளே போகிறது. மூடியைப் பூட்டச் சாவி கிடையாது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்தாலே திறந்துகொள்கிறது. தரையோடு பொருத்த அடியில் திருகுத் துளையும் இல்லாததால், நாய் மூக்கால் தள்ளினால் பெட்டி உருண்டுவிடும். கம்பி, தடுப்பு, சாவிப் பூட்டு, திருகுத் துளை ஆகிய நான்கும் இருந்தால்தான் அதைப் பாதுகாப்பான மருந்துப் பெட்டி என்று சொல்ல முடியும்.

தாளில் உள்ள பிழை இதைவிட மோசம். "24 மணி நேரத்தில் எலி சாகும், தண்ணீர் தேடி வெளியே ஓடிச் சாகும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டியில் இருப்பது 0.005 சதவீதப் புரோமடியோலோன் என்ற எலி மருந்து. இது வைட்டமின் கே மறுபடி பயன்படுவதைத் தடுக்கிறது. அதனால் ஈரல் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைப் புதிதாக உண்டாக்க முடியாமல் போகிறது. உடம்பில் ஏற்கெனவே இருப்பவை தீர்ந்த பிறகுதான் உள்ரத்தக் கசிவு தொடங்கும். ஆகவே எலி சாக ஏறத்தாழ மூன்று முதல் ஏழு நாள் ஆகும். இந்தத் தாமதம்தான் இந்த மருந்தின் பலமே. தின்றதையும் நோவையும் எலியால் சேர்த்துப் பார்க்க முடியாது. மற்ற எலிகளும் பயப்படாமல் வந்து தின்னும். தண்ணீர் தேடி வெளியே ஓடும் என்பது வெறும் கட்டுக்கதை. பெரும்பாலும் வளையிலோ கூரை இடுக்கிலோ சுவர்ச் சந்திலோதான் சாகும்.

24 மணி நேரம் என்று நம்புகிறவர் மறுநாளும் எலி ஓடுவதைப் பார்த்தால் என்ன செய்வார்? கட்டியை இரட்டிப்பாக்குவார், பெட்டிக்கு வெளியேயும் போட்டு வைப்பார். உங்கள் உதவி எண்ணில் கேட்டதற்கும் "இன்னும் இரண்டு கட்டி சேர்த்து வையுங்கள்" என்றுதான் பதில் வந்தது. இது தவறான அறிவுரை. வைத்த கட்டியைத் தினமும் பார்த்து, தின்ற அளவுக்கு நிரப்பினால் போதும்.

செத்த எலியை வயலில் எறியுங்கள் என்றும் தாள் சொல்கிறது. இந்த மருந்து ஈரலில் நீண்ட காலம் தங்கும். அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அது விஷம். வயலில் எலியைக் குறைத்துத் தருவதே ஆந்தைதான். அதைக் கொல்லும்படி வாடிக்கையாளருக்குச் சொல்வதை ஏற்கவே முடியாது. கையுறையோடு எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். மனிதரோ வளர்ப்பு விலங்கோ மருந்தைத் தின்றுவிட்டால் விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து வைட்டமின் கே1. அறிகுறி தெரியும்வரை காத்திராமல் மருந்தின் உறையோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த வரி தாளில் எங்குமே இல்லை. மருந்தின் பெயரும் மடிப்புக்குள், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது.

பொறியைச் சுவருக்கு இணையாக, நடுத் தரையில் வைப்பதுபோல் படம் போட்டிருக்கிறீர்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். பொறி சுவருக்குச் செங்குத்தாக, தீனி வைக்கும் முனை சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். தீனி பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் தட்டை அழுத்தாமலே ஓரத்தில் நக்கிவிட்டுப் போகும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும்; ஆகவே சில நாள் விசையேற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். தட்டின் விசையும் கடினம். 20 கிராம் எடையுள்ள சுண்டெலி ஏறி நின்று தின்றாலும் பொறி அடிப்பதில்லை.

மீயொலிக் கருவி "சுவரைத் தாண்டி முழு வீட்டையும் காக்கும்" என்கிறீர்கள். மீயொலி சுவரையோ மூட்டையையோ தாண்டாது. தூரம் போகப் போகச் சட்டென்று தேயும். எலிக்கும் விரைவில் பழகிவிடும். இத்தகைய கருவிகளைப் பற்றிய கூற்றுகளுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-இலேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்திருக்கிறது. கரப்பான் பசை வைத்த இடத்தில் தெளிப்பு மருந்தும் அடிக்கச் சொல்வது இன்னொரு பிழை. தெளிப்பின் வாடைக்குக் கரப்பான் பசையை நெருங்காது, பசை வீணாகும்.

இத்தனை எழுதிய தாளில், ஓட்டை அடைப்பது பற்றி ஒரு வரி இல்லை. 6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் சுண்டெலி நுழையும். 12 மில்லிமீட்டரில் பெரிய எலியின் குட்டி நுழையும். குழாய் போகும் துளை, கதவடி, கூரை விளிம்பு ஆகியவற்றை எஃகு நார் திணித்து சிமென்ட் பூசியோ, 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள இரும்பு வலை அடித்தோ அடைக்க வேண்டும். துளை அடைக்கும் நுரை (ஃபோம்) மட்டும் போதாது, எலி கடித்துவிடும். இதைச் செய்யாதவரை எத்தனை கட்டி வைத்தாலும் புது எலி வந்துகொண்டே இருக்கும். முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இதுதான்.

எங்கள் கோரிக்கைகள்: தொகுப்பின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். விற்பனையில் உள்ள மருந்துப் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டும். "24 மணி நேரம்", "முழு வீடு" என்ற வாசகங்களை உறையிலிருந்து நீக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, மாற்று மருந்து ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்திய தாளை அனுப்ப வேண்டும். இதில் கடைசியானதை முதலில் செய்யுங்கள். பழைய தாளைப் பார்த்து இன்றும் யாரோ கட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெட்டி, தாள், பொறி ஆகியவற்றின் படங்களையும் ரசீது நகலையும் இணைத்திருக்கிறோம். 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்