பாதையும் பாலமும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போய் வருகிறா.

ஒரு கோப்பில் நாலு வரி மாற்றினதற்கு முழுச் சேர்வரையும் ஏன் நிறுத்த வேண்டும், அந்த மொட்யூலை (அந்தக் கோப்பில் உள்ள கோடை) மட்டும் ரீலோட் பண்ணினால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது மச்சான். பட்டதால் சொல்கிறேன்.

நிலாவெளியில் ஒரு விடுதியின் அறைப் பதிவுத் தளத்தை நான் பார்க்கிறேன், பைதனில் எழுதினது. ஆவணியில், சீசன் நேரம், வாடகைக் கணக்கை மாற்றச் சொன்னார்கள். ஆட்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கையில் நிறுத்த மனம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குள்ளேயே பைதனின் இம்போர்ட்லிப் ரீலோடால் அந்த மொட்யூலை மாற்றினேன். விலைப் பக்கம் புது விலையைக் காட்டியது, பற்றுச்சீட்டு பழைய விலையைப் போட்டது! பற்றுச்சீட்டுக் கோப்பு அந்த ஃபங்ஷனைத் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி இம்போர்ட் பண்ணி வைத்திருந்தது. ரீலோட் மொட்யூலுக்குள்தான் புதியதை வைக்கும். இன்னொரு கோப்பு பிடித்து வைத்திருக்கிற பழையதைத் தொடாது. பழைய கிளாஸில் பிறந்த ஆப்ஜெக்ட்களும் அப்படியே இருக்கும். ஒரே அறைக்கு இரண்டு விலை கண்ட குடும்பத்திடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன்.

கோட் எழுதும்போது ஜாங்கோ (பைதனில் தளம் கட்டுகிற கட்டமைப்பு) தானாக மாறுகிறதே என்பாய். அதுவும் கோப்பு மாறினதைக் கண்டு புரோகிராமை முழுதாகத் திரும்பத் தொடங்குவதுதான்.

இப்போது, தளத்தை ஓட்டுகிற சேர்வர் புரோகிராமான குனிகார்னின் மாஸ்டருக்கு (வேலை செய்கிற வேர்க்கர்களை நடத்துகிற தலைமைப் புரோசஸ்) ஹப் சிக்னல், அதாவது வேர்க்கர்களைப் புதிதாக எழுப்பு என்ற கட்டளை, அனுப்புகிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில்தானே, அந்த மிதவைப் படகில்தானே, கடந்தோம்? பாலம் வந்துவிட்டது என்பதற்காக நடுத்தண்ணியில் நிற்கிறவரைத் தூக்கிப் பாலத்தில் வைக்க ஏலாது. அவர் பாதையிலேயே கரை சேரட்டும், புதிதாக வருகிறவர் பாலத்தால் போகட்டும். இங்கேயும் அதுதான்: புது வேர்க்கர்கள் புதுக் கோடோடு எழும்பும், பழையவை கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு ஓயும். நாங்கள் மாற்றாவிட்டால் அதற்கு 30 செக்கன் அவகாசம். ப்ரீலோட் (கோடை மாஸ்டரே முதலில் ஏற்றி வைக்கிற அமைப்பு) போட்டிருந்தால் மட்டும் ஹப் பலிக்காது, மாஸ்டரே பழைய கோடைப் பிடித்து வைத்திருக்கும்.

எரிக்சனில் பிறந்த எர்லாங் மொழி, ஓடும்போதே கோடை மாற்றுகிற இந்த விஷயத்தை அடியிலிருந்தே யோசித்திருக்கிறது. ஒரு மொட்யூலின் பழையதும் புதியதும் அதில் ஒரே நேரத்தில் ஓடலாம். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு.

ஒன்றுதான் இன்னும் கஷ்டம். பழைய வேர்க்கரும் புதியதும் சேர்ந்து ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரம் டேட்டாபேஸ் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அதிலுள்ள அட்டவணையில் ஒரு நிரலின் (கொலம்) பெயரை மாற்றுவதென்றால் முதலில் புதியதைச் சேர்க்கிறேன், பழையதை அடுத்த தடவைதான் நீக்குகிறேன். நீ எப்படிச் செய்கிறாய்? விபரமாக எழுது.

அன்புடன்,
உன் மச்சான்