தேர்வு நாளில் வாய்தா: இளைஞர் நீதிக் குழுமங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மை நடுவர்களுக்கும், குழுமங்களின் சமூகப்பணி உறுப்பினர்களுக்கும், நன்னடத்தை அலுவலர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குத் தேர்வு எழுதியிருக்க வேண்டிய நாளில், காலை பத்து மணியிலிருந்து, சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் உங்கள் குழுமங்களில் ஒன்றின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மாலையில் பெயரைக் கூப்பிட்டார்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வரவில்லை என்று சொல்லி அடுத்த வாய்தாவைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் மீதுள்ள புகார் ஒரு செல்போன் திருட்டு. போன் அன்றைக்கே கிடைத்துவிட்டது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தக் குழுமம் என்று இங்கே எழுதவில்லை. சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. நாங்களாவது அதை மதித்து நடக்கிறோம்.

2015ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை உங்களுக்கு யாரும் படித்துக்காட்டத் தேவையில்லை. ஆனால் கடைசிப் பக்கங்களுக்குள் கிடக்கும் 91ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். விசாரணைக்குக் குழந்தை வர வேண்டிய அவசியம் இல்லை என்று குழுமம் கருதினால், அவனுக்கு வருகை விலக்குத் தர வேண்டும். வாக்குமூலம் பதிவதற்கு மட்டும் வந்தால் போதும். அதன் பிறகு அவன் இல்லாமலே விசாரணை தொடரலாம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வரத்தான் வேண்டும் என்றால் குழந்தைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஆன பயணச் செலவை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்கிறது.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: பையன் தேவைப்படாத வாய்தாவுக்குப் பையனைக் கூப்பிடாதீர்கள்.

ஒரு வாய்தா என்றால் என்ன என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் முழுதாகத் தெரியாது. எழுமலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி மகனோடு உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து மதுரை ஆரப்பாளையம் வந்து, பிறகு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். புறநகர் பஸ்ஸில் அவளுக்கும் டிக்கெட், மகனுக்கும் டிக்கெட். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்குக் காலைப் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி கிடையாது. வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாகவே கிடைப்பார் என்பது உண்மைதான். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போன கூலிக்கும் யார் பொறுப்பு? பயணச் செலவு கிடைக்கும் என்று அவளிடம் வாய்திறந்து சொன்னவர்கள் உண்டா? டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றாவது யாரும் சொன்னார்களா?

பணத்தைக்கூட விடுங்கள். பையன் பள்ளியில் என்ன சொல்லுவான்? முதல் தடவை காய்ச்சல். இரண்டாம் தடவை தாத்தாவுக்குக் காரியம். மூன்றாம் தடவை வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் போடுகிறார், விஷயம் தெரிகிறது, ஆசிரியர் ஓய்வறையில் பேச்சாகிறது. அடுத்த வாரமே, “வேற பள்ளியில சேர்த்துக்கங்கம்மா, டி.சி. தந்துடுறோம்” என்ற பேச்சு வருகிறது. பள்ளியை விட்டு நின்ற பையனுக்குப் பகல் முழுக்க என்ன வேலை, யாரோடு வேலை என்பது உங்களுக்கே தெரியும். அவனைப் பற்றி நன்னடத்தை அலுவலர் எழுதும் அறிக்கையில் ‘பள்ளி இடைநிற்றல்’ என்று ஒரு வரி ஏறும். அந்த வரியை எழுதவைத்ததே வாய்தாதான்.

இன்னொன்று, வராந்தா. விடுவித்தால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 12ஆம் பிரிவின்படி குழுமம் ஜாமீனை மறுக்கலாம். அதே பையனை, நாலைந்து வழக்கு உள்ள பெரிய பையன்களோடு ஒரே பெஞ்சில் பகல் முழுவதும் உட்காரவைக்கிறோம். மதியத்துக்குள் போன் நம்பர் மாறிவிடுகிறது. சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் நண்பர்கள். மகன் யாரோடு சேர்கிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லி அறிவுரை வாங்கிய தாயும் அதே பெஞ்சின் ஓரத்தில்தான் இருக்கிறாள்.

வாய்தா ஏன் தள்ளிப்போகிறது என்பதும் ரகசியம் இல்லை. பையன் பிடிபட்ட தகவல் நன்னடத்தை அலுவலருக்குப் போனதும், இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். அதற்கான படிவம் 6 குடும்பம், வருமானம், படிப்பு, நண்பர்கள், பழக்கம், போதை என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. அலுவலர் வீட்டுக்குப் போவது பகல் பதினொரு மணிக்கு. கூலிக்குப் போகிற வீட்டில் அந்த நேரம் யார் இருப்பார்கள்? வீடு பூட்டியிருந்தது என்று குறிப்பு எழுதப்படுகிறது, வாய்தா போகிறது. அடுத்த முறை போனிலேயே நாலு கேள்வி கேட்டுப் படிவம் நிரம்பிவிடுகிறது. போதைப் பழக்கம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று விழுகிறது, ஏனென்றால் போனில் எந்தத் தாயும் ஆமாம் என்று சொல்லமாட்டாள். பங்க்சர் ஒட்டும் பசையை மோந்து பழகிய பையனுக்குப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய அறிக்கை, அறிவுரை கூறி அனுப்பலாம் என்று முடிகிறது. நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போனால் கதவு திறந்திருக்கும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

போலீஸ் தரப்பும் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி சிறு குற்றத்துக்கும் கடுமையான குற்றத்துக்கும் இறுதி அறிக்கை இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. சாதாரணத் திருட்டுக்குப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உச்ச தண்டனை மூன்று ஆண்டுதான். ஆகவே செல்போன் திருட்டு சிறு குற்றம், சுருக்க விசாரணையில் முடிய வேண்டியது. முதலில் ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதம். காரணம் எழுதி இன்னும் இரண்டு மாதம். அதற்கும் முடியவில்லையென்றால் சிறு குற்ற வழக்கு அங்கேயே முடிவுக்கு வந்துவிடும் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் கழிந்த கோப்புகள் எப்படி இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கின்றன?

சீருடை இல்லாமல் போகச் சொன்ன இடத்துக்குப் போலீஸார் சீருடையோடு ஜீப்பில் போய், காலை வழிபாட்டு நேரத்தில் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். பிடித்த பையனின் படம் அரைமணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டாம். யாருக்கு விதித்தார்கள் என்றுதான் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் வாயில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் அடங்கியிருப்பதைப் பார்த்து 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேள்வி கேட்டது. விசாரணையில் உள்ள சிறாரை வைத்திருக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் இறுதியில் 17 வயதுச் சிறுவன் இறந்த பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. இல்லங்களுக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு சாவு தேவைப்பட்டது. வராந்தாவைப் பார்க்க என்ன தேவைப்படும்? பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்ற ஏச்சு மட்டும் எல்லாப் படியிலும் தவறாமல் தாய்க்குக் கிடைக்கிறது. அதற்கு வாய்தாவே கிடையாது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது அதுவல்ல.

வருகை விலக்குக்குப் பெற்றோரே வெள்ளைத்தாளில் மனு எழுதலாம். வழக்கு எண், பிரிவு 91, காரணம், தேர்வு அட்டவணை நகல், தலைமையாசிரியரின் படிப்புச் சான்று, கூப்பிடும்போது மகனை அழைத்து வருவேன் என்ற உறுதி, இவ்வளவு போதும். ஆனால் நடப்பது வேறு. வக்கீல் வழியாக வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். வாங்கினாலும் பெற்றதற்கு முத்திரை வைத்துத் தருவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால், அந்த மனுவையே அடுத்த வாய்தாவுக்குப் போடுகிறார்கள். பையன் வர வேண்டாம் என்று கேட்கும் மனு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் பையன் வர வேண்டியிருக்கிறது!

இந்த மனுவுக்கே அவசியமில்லாமல் செய்ய உங்களால் முடியும். யாரும் கேட்காமலே குழுமம் தானாக விலக்கு அளிக்கச் சட்டத்தில் தடையில்லை. பள்ளிக்குப் போகும் சிறார்களின் கோப்புகளைத் தனியாகப் பிரித்து, வாக்குமூலம் முடிந்தவர்களுக்கு ஒரே உத்தரவில் விலக்குக் கொடுக்கலாம். கட்டாயம் வர வேண்டியவர்களுக்குத் தேதியோடு மணியும் குறித்துக் கொடுக்கலாம். பதினொன்றரை என்றால் பதினொன்றரை. அறிக்கை வந்ததா, சாட்சி வருகிறாரா என்று முந்தின நாளே பார்த்து, இல்லையென்றால் தாயின் போனுக்கு ‘நாளை வர வேண்டாம்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பயணச் செலவுப் படிவத்தை வாசலிலேயே வைக்கலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சில் தொடங்கிவிடும். அதற்கு முன் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வுகள். பையன் தேவைப்படாத வாய்தாவுக்குப் பையனைக் கூப்பிடாதீர்கள் என்ற இந்த வேண்டுகோளைப் பரிசீலித்து, திருப்புதல் தேர்வு தொடங்கும் முன் உத்தரவு பிறப்பிக்கும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறார் வழக்குகளில் பெற்றோருக்கு மனு எழுதித் தருவோர்,
மதுரை